குற்றாலத்தில் குளித்த பஸ்கள்

தொழிலாளி பெறுகிற கல்வியும் அனுபவமும் அதே தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கு எப்படிப் பயன்படுகின்றன என்று ஐந்து பக்கத்துக்குக் குறையாமல் எழுதித் தரச் சொல்லி, பணிமனைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து இரண்டு இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். தலைப்பைக் கேட்டதுமே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மாலை மரியாதையோடு மேடையில் உட்காருகிறவர்கள் எழுத வேண்டிய விஷயம் அது. முப்பத்தெட்டு வருஷம் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் என்ன எழுதுவான்?

"உங்க காலத்துல கம்ப்யூட்டர் கிடையாதே. வண்டியில குத்தத்தை எப்படி சார் கண்டுபிடிச்சிய?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான்.

"தப்பாத்தான் கண்டுபிடிச்சோம்" என்றேன். சிரித்தார்கள். நான் சொன்னது நிஜம். அந்தத் தப்புகளில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். ஐந்து பக்கம் வருமா என்று எனக்குத் தெரியாது.

எனக்குச் சொந்த ஊர் பண்பொழி. எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை என்றால் வயல், இல்லாவிட்டால் போலீஸ். போலீஸுக்கு என் உயரம் போதவில்லை. வயலுக்கு என் பொறுமை போதவில்லை. எட்டாம் வகுப்பு முடித்த கையோடு தென்காசியில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். கம்பெனிக்குப் பதினோரு வண்டிகள் இருந்தன. முதல் இரண்டு வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். அப்புறம் ஸ்பேனர் கைக்கு வந்தது. பெட்ரோல் வண்டிகள் போய் டீசல் வண்டிகள் வரத் தொடங்கிய சமயம் அது. புது வண்டி விற்றவர்கள், ஒரு மெக்கானிக்கை மெட்ராஸுக்கு அனுப்பினால் மூன்று மாதம் பயிற்சி தருவதாகச் சொன்னார்கள். போர்மேன்தான் போக வேண்டும். அவர் போகவில்லை. "நான் போனா இங்கன யாரு பாக்குதது? வேலு போகட்டும்" என்றார். அப்படித்தான் சண்முகவேலாகிய நான் மெட்ராஸ் பார்த்தேன்.

அங்கே பாடம் முழுக்க இங்கிலீஷ். பக்கத்தில் உட்கார்ந்த மதுரைக்காரர் தமிழில் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். படங்களை அப்படியே காப்பி அடித்தேன். மூன்று மாதத்தில் எனக்கு உருப்படியாகப் புரிந்தது ஒன்றுதான். பிரேக் லைனிங், சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மில் உரசிச் சூடேறினால்தான் வண்டி நிற்கும். நடுவில் ஏதாவது புகுந்து வழுக்கினால், டிரைவர் பெடல் மேலே ஏறி நின்றாலும் நிற்காது. திரும்பி வந்தபோது என் சட்டைப் பையில் ஒரு பேனா இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் பேனா வைத்திருந்த மெக்கானிக் நான் ஒருவன்தான். அந்தப் பேனா ஏற்றிவிட்ட திமிரை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

போர்மேன் தேவசகாயம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யுத்தத்தில் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். வெள்ளை முழுக்கைச் சட்டைதான் போடுவார். அதில் ஒரு கறை நான் பார்த்ததில்லை. எதையும் தொடுவதற்கு முன்னால் மோந்து பார்ப்பார். எஞ்சின் ஆயிலை மோந்து, அது எத்தனை மைல் ஓடியது என்று சொல்லிவிடுவார். டிரைவர் புகார் சொல்ல வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடித்ததும், "வண்டி பொய் சொல்லாதுவே, வண்டிகிட்டயே கேட்டுக்கிடுதேன்" என்பார். ஒர்க்‌ஷாப்பே அதைக் கேட்டு ரசிக்கும். நானும் ரசித்தேன்.

பிரேக் பார்ப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். சக்கரத்தைக் கழற்ற வேண்டும், டிரம்மை எடுக்க வேண்டும், லைனிங்கின் ஒவ்வொரு ரிவெட்டையும் சின்னச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்க வேண்டும். பிறகு டிரம்மையும் லைனிங்கையும் பெட்ரோல் துணியால் துடைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தமாக வைத்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிட வேண்டும். அழுக்குச் சாமானை அவர் முன்னால் நீட்டினால் திரும்பி நடந்துவிடுவார். கடைசியில் வண்டியை மாட்டி வாசல் ரோட்டுக்குக் கொண்டுபோவோம். அங்கே சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருக்கும். இருபது மைல் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் போட்டால் பத்து எட்டுக்குள் நிற்க வேண்டும். எட்டு வைத்து அளப்பவர் அவரேதான். நின்றால் நான் ஜாப் கார்டில் 'பிரேக் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கீழே அவர் போடுவார்.

இனி மைதீன் பாய். குற்றாலம் தடத்தின் டிரைவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பேச்சு குறைவு, ஹாரன் அதைவிடக் குறைவு. அவர் வண்டி ராத்திரி குற்றாலத்தில் தங்கி, காலையில் முதல் டிரிப்பாகத் தென்காசிக்கு வரும். சீசன் தொடங்கி மூன்றாவது வாரம் ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"காலம்பற முதல் டிரிப்புல பிரேக் பிடிக்க மாட்டேங்கு. பாதி வழியில மேலகரம் தாண்டிட்டா பிடிக்கி" என்றார்.

போர்மேன் கண்ணை மூடிக் கேட்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் முறைப்படி எல்லாவற்றையும் கழற்றினேன். லைனிங்கில் லேசாக ஒரு பளபளப்பு. துடைத்தேன், தேய்த்தேன், மாட்டினேன். ஏழு எட்டிலேயே வண்டி நின்றது. 'பிரேக் சரி.'

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். அதே புகார். அதே பளபளப்பு. அச்சிலிருந்து ஆயில் வராமல் தடுக்கும் சீல் கசிகிறதோ என்று அதை மாற்றினேன். வண்டி நின்றது. 'பிரேக் சரி.' மூன்றாவது தடவை அவர் வந்தபோது எனக்கே சலிப்பாகிவிட்டது. "காலம்பறப் பிடிக்காத பிரேக்கு வெயில் ஏறினா எப்படிப் பாய் பிடிக்கும்? அதுக்கும் காப்பி குடிச்சாத்தான் வேலை ஓடுமோ?" என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "நான் நடந்ததைச் சொல்லுதேன் தம்பி. ஏன்னு நீதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு எழுதியது மூன்றாவது 'பிரேக் சரி'.

அதற்கு ஐந்தாம் நாள் விபத்து. நல்ல சாரல். குற்றாலத்தில் புறப்பட்ட வண்டி முதல் வளைவில் இறங்கும்போது, குளித்துவிட்டு வந்த கூட்டம் ரோட்டைக் கடந்திருக்கிறது. பாய் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து ஓரத்துப் பழக்கடையில் கொண்டுபோய் விட்டார். பலாப்பழங்கள் ரோடு முழுக்க உருண்டன. மங்குஸ்தானை ஜனங்கள் பொறுக்கிக்கொண்டு போனதாகக் கேள்வி. கூட்டத்தில் ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் கடைக்காரி பேச்சியம்மாளின் வலது கால் முறிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். "வண்டி என் மேல வரும்போது அந்த பாய் மூஞ்சியப் பாத்தேன் ஐயா. பாவம், அளுதுட்டாரு" என்றாள்.

மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அவர் மத்தியானம் வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஜாப் கார்டுகளைக் கேட்டார். மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன். "ஒரு மாசத்துல மூணு தடவை பாத்திருக்கீங்க. மூணு தடவையும் சரி. அப்போ தப்பு டிரைவர் மேலதான்" என்றார். முதலாளி பாயை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். லைசென்ஸும் போய்விடும் என்று பேச்சு. டிரைவருக்கு லைசென்ஸ் போனால் கை போன மாதிரி. வேறு எந்தக் கம்பெனியிலும் படியேற முடியாது.

பாய் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப் வாசல் வழியாகத் தொழுகைக்குப் போவார், வருவார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. உடம்புச் சூடு என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, சனிக்கிழமை விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் குற்றாலம் போனேன்.

அருவிக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற இடத்தில், தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றேன். எனக்கு மேலே அருவிக்கரையில் ஊர்ப்பட்ட ஜனம், அத்தனை பேர் உடம்பிலும் எண்ணெய். என் காலைச் சுற்றி வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்து கீழே போனது. சும்மா அது போகிற திக்கைப் பார்த்தேன். பாலத்துக்குக் கீழே, எங்கள் கம்பெனியின் இன்னொரு வண்டியைச் சக்கரம் பாதி முங்கும்படி ஓடைக்குள் இறக்கி, கிளீனர் கழுவிக்கொண்டிருந்தார். படலம் நேரே போய்ப் பின்சக்கரத்தைச் சுற்றிச் சுழன்றது.

சீசனில் வண்டி கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், வெளியூர் ஜனம் அதைப் பார்த்துத்தான் ஏறும் என்பது முதலாளியின் உத்தரவு. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் யார் வாளி வாளியாகச் சுமப்பார்கள்? வண்டியையே குளிக்க வைத்துவிடுவார்கள். எல்லாக் கம்பெனியிலும் அதுதான் வழக்கம். டிரம்முக்குள் எண்ணெய்த் தண்ணீர் புகுந்த வண்டி உடனே முதல் டிரிப் புறப்படும். நாலைந்து தடவை பிரேக் போட்ட பிறகு சூட்டில் காய்ந்து பிடிக்கத் தொடங்கும். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது பிரேக் உத்தமமாக இருக்கும்.

துண்டோடு ஓடினேன். வழியில் இரண்டு பேர் வழுக்கி விழுந்ததற்கு என் எண்ணெயும் காரணமாக இருக்கலாம். லைனிங் தேய்மானம் பார்ப்பதற்கு டிரம்மின் பின்தகட்டில் ஒரு ஓட்டை உண்டு. அதில் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, என் கை முழுக்க நல்லெண்ணெய்தான் என்று. கிளீனரை விரல் விடச் சொன்னேன். அவர் மோந்துவிட்டு, "இட்லிக்கு ஊத்துத வாசம் அடிக்கி" என்றார்.

அந்தக் கோலத்திலேயே சட்டையை மாட்டிக்கொண்டு தேவசகாயம் சார் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டார். கண்ணை மூடவில்லை. மூன்று தடவையும் லைனிங்கைப் பெட்ரோல் போட்டுத் துடைத்துவிட்டுத்தானே அவரைக் கூப்பிட்டேன்? பெட்ரோல் வாசனையைத் தவிர வேறு எதை அவர் மோந்திருக்க முடியும்? அதையும் சொன்னேன்.

"தொடச்சது நீ. தொடைக்கச் சொன்னது நானு" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே பிரேக் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் புறப்பட்டார். "கார்டுல என் கையெளுத்தும் இருக்கு சார். அது தப்பு. ஒரு தடவை நீங்க காலம்பற வந்து பாக்கணும்" என்று அவர் சொன்னபோது நான் பின்னால் நின்றேன். அந்த மனிதர் யாரிடமும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை பாயின் வண்டியை வழக்கம்போல ஓடையில் இறக்கிக் கழுவினோம். பாய் ஓட்டினால் பாசாங்கு செய்யலாம் என்று இன்ஸ்பெக்டர் தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பாய் பின்சீட்டில் இருந்தார். வளைவைத் தவிர்த்து, நேராகப் போகும் ரோட்டில் போர்மேன் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுக் குடையோடு நின்றார். வண்டி இருபது மைலில் வந்தது. கோட்டில் இன்ஸ்பெக்டர் மிதித்தார். வண்டி கோட்டைத் தாண்டியது, பத்து எட்டைத் தாண்டியது, முப்பதையும் தாண்டியது. எதிரே வைக்கோல் வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு முழம் தள்ளி ஒருவழியாக நின்றபோது, மாடு ரேடியேட்டரை மோந்து பார்த்தது. இன்ஸ்பெக்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"நான் நல்லாத்தான் மிதிச்சேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் சார் சொன்னேன்" என்றார் பாய்.

ஆறாவது தடவை மிதித்தபோது வண்டி எட்டு எட்டில் நின்றது. இன்ஸ்பெக்டர் கீழே இறங்கி ரோட்டோரம் வைத்தே அறிக்கையை மாற்றி எழுதினார்; அது அந்த ஒரு விபத்தைப் பற்றியது மட்டும்தான். பாய்க்கு லைசென்ஸ் பிழைத்தது, வேலையும் திரும்பக் கிடைத்தது. பேச்சியம்மாள் எழுந்து நடந்தாள், கொஞ்சம் சாய்ந்துதான்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கு நல்ல பெயர். முதலாளி என்னைக் கூப்பிட்டார். நம் வண்டிகளை இனி வாளியில்தான் கழுவ வேண்டும், புறப்பட்டதும் ஒரு பர்லாங்கு தூரம் பிரேக்கை லேசாக மிதித்துக் காய வைத்தபடி மெதுவாகத்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு கதவைச் சாத்தினார்.

"வேலு, உன்னை மெட்ராஸுக்கு அனுப்பினது நம்ம கம்பெனி. நீ படிச்சது நம்மளோட இருக்கட்டும். அடுத்த கம்பெனிக்காரன் வண்டி நிக்கலைன்னா, அது அவன் பாடு. நம்ம வண்டி நிக்கும்னு ஜனத்துக்குத் தெரிஞ்சா போதும்" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். எதிர்த்துப் பேசியதாக எழுதினால் நன்றாக இருக்கும். பேசவில்லை. புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது, வேலை முக்கியமாகத் தெரிந்தது. தினமும் குற்றாலத்தில் அடுத்த கம்பெனி வண்டிகள் ஓடையில் இறங்கி நின்றன. ஜனத்தை ஏற்றிக்கொண்டு அதே வளைவில் இறங்கின. நான் பார்த்தும் பாராதவன்போல் இருந்தேன். அந்த சீசனில் வேறு விபத்து நடக்கவில்லை என்பது கடவுள் செயல், என் செயல் இல்லை.

சீசன் முடிந்ததும் மைதீன் பாய் வேலையை விட்டார். அடுத்த கம்பெனியில் சேரப் போவதாகக் கேள்விப்பட்டு, சந்தைக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன்.

"என் மேல கோவமா பாய்?"

"கோவம் என்ன தம்பி. லைசென்சை மீட்டுக் குடுத்தவன்லா நீ."

"பொறவு ஏன் போறிய?"

"அங்கன ஓட்டுதவனும் அதே ஓடையிலதான் களுவுதான். நீங்க சொல்ல மாட்டிய. வெளிய நின்னு நான் சொன்னா, பளைய கம்பெனிக்காரன் கரடி விடுதாம்பான். உள்ள இருந்து சொன்னா ஒருவேளை கேப்பான்" என்றார். காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு நடந்தார்.

அடுத்த வருஷம் சாரல் விழுந்த முதல் வாரம். குற்றாலம் பஸ் நிற்குமிடத்தில் எங்கள் வண்டி ஒன்று கிளட்ச் பிடிக்காமல் நின்றுவிட்டது என்று என்னை அனுப்பினார்கள். வேலையை முடித்து நிமிர்ந்தால், எதிர்ப்பக்கம் மைதீன் பாயும், அவரைச் சுற்றி அந்தக் கம்பெனி டிரைவர்கள் ஏழெட்டுப் பேரும். நடுவில் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த வண்டி ஒன்று, சக்கரத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. பாய் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏலே வேலு, இங்கன வா. நான் சொன்னா எல்லாவனும் தலைய ஆட்டுதான். என் வண்டியில அப்படி இல்லைங்கான். ஏன் பிடிக்காதுன்னு கேட்டா, விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியல. நீ படிச்சவன்லா, வந்து சொல்லு" என்றார்.

எங்கள் கம்பெனியின் டிக்கெட் செக்கர் டீக்கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தால் முதலாளியே பார்த்த மாதிரி. கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். ஏழெட்டு முகங்கள் என்னைப் பார்த்தன. எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள், மலைப்பாதையில் எத்தனையோ வருஷம் ஓட்டியவர்கள். மெட்ராஸ் நோட்டிலிருந்து எந்த வரியைச் சொல்வது என்று யோசித்தேன்.

"இந்த பாய் பிரேக் பிடிக்கலைன்னு எங்ககிட்ட மூணு தடவை வந்து சொன்னாரு. மூணு தடவையும் சரின்னு எளுதிக் கையெளுத்துப் போட்டவன் நான்தான். கேலி வேற பண்ணினேன். அதுல ஒரு பொம்பளைக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு" என்றேன்.

கூட்டத்தின் பின்னால் நின்ற, தலை நரைத்த டிரைவர் ஒருவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"எனக்கு ரெண்டு சீசனா பிடிக்கல தம்பி" என்றார். "சொன்னா, ஓட்டத் தெரியாதவன்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு வாயத் தொறக்கல."